ரெய்கி நெறிகள்: அன்றாட வாழ்வில்

ரெய்கி நெறிகள் என்பவை ரெய்கி முறையைத் தொடங்கிய ஜப்பானியரான உசுயி மிகாவோ (1865–1926) தம் மாணவர்களுக்கு வகுத்துக் கொடுத்த ஐந்து உறுதிமொழிகள். கோபப்படாமை, கவலைப்படாமை, நன்றியோடு இருத்தல், தன் வேலையை முனைப்பாகச் செய்தல், பிறரிடம் பரிவு காட்டுதல் ஆகியவை அவை. ஐந்தும் ‘இன்றைக்கு மட்டும்’ என்ற வரம்புக்கு உட்பட்டவை. காலையிலும் மாலையிலும் கைகூப்பி உட்கார்ந்து, மனத்தில் நினைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது உசுயியின் ஏற்பாடு. தமிழ்நாட்டில் ரெய்கி என்றதும் கைவைத்துச் செய்யும் சிகிச்சைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் தீட்சையோ கட்டணமோ இல்லாமல் யாரும் கைக்கொள்ளக்கூடியவை இந்த நெறிகள்தாம்.

வரலாறு

உசுயி கிஃபு மாநிலத்தில் பிறந்தவர். கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்தபோது தமக்கு ரெய்கி முறை கிடைத்ததாக அவர் கூறினார். 1922இல் டோக்கியோவில் சங்கம் அமைத்துப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தபோது, காயம்பட்டவர்களிடையே அவர் சென்று உதவியதை அவருடைய நினைவுக் கல்வெட்டு சொல்கிறது. மாணவர்கள் 1927இல் டோக்கியோவின் சைஹோஜி கோயிலில் நிறுவிய அந்தக் கல்லில் ஐந்து நெறிகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

உசுயியின் மாணவர் ஹயாஷி சுஜிரோ, கடற்படையில் பணியாற்றிய மருத்துவர். அவரிடம் கற்ற ஹவாயோ தகாதா (1900–1980) என்ற ஹவாய்த் தீவுப் பெண்மணி வழியாக ரெய்கி அமெரிக்காவில் பரவி, அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் சென்றது. தகாதா சொல்லிக்கொடுத்த வடிவத்தில் பெற்றோரையும் ஆசிரியரையும் பெரியவர்களையும் மதித்தல், நேர்மையாக உழைத்துப் பிழைத்தல் என்பவை இடம்பெற்றன. உசுயியின் மூல வடிவத்தில் பெரியோரை மதிப்பது தனி நெறியாக இல்லை. மாதா, பிதா, குரு என்று சொல்லி வளரும் தமிழ் வீட்டுக்கு இந்தப் பிந்திய வடிவமே நெருக்கமாகப் படும்.

கோபமும் கவலையும்

இனிமேல் கோபப்படவே மாட்டேன் என்று உறுதி எடுப்பவர் முதல் சண்டையிலேயே தோற்று, பயிற்சியையே விட்டுவிடுகிறார். இன்றைக்கு மட்டும் என்றால் இரவு படுக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும். தவறினாலும் மறுநாள் காலையில் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆயினும் கோபம் வரும்போது என்ன செய்வது, கவலையை எப்படிக் கையாள்வது என்ற வழிமுறையை உசுயியின் சுருக்கமான உறுதிமொழி விரித்துச் சொல்வதில்லை. அந்த வழிமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி (1911–2006) தாம் வகுத்த மனவளக்கலை என்ற பயிற்சிமுறையில் ‘சினம் தவிர்த்தல்’, ‘கவலை ஒழித்தல்’ என்ற இரண்டு பயிற்சிகளை வைத்தார். ரெய்கியும் மனவளக்கலையும் தனித்தனியே வளர்ந்தவை. எனினும் ஒன்று தரும் உறுதிமொழிக்கு மற்றொன்று செயல்முறை தருகிறது. சினம் தவிர்த்தலில் பேனாவும் தாளும் வேண்டும். யார்மீது கோபம் வருகிறது, எதற்காக, எத்தனை முறை என்று எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியவர் அதிர்ந்துபோவது பட்டியலின் மேல்வரிசையைப் பார்த்துத்தான்: கணவன், மனைவி, பிள்ளை, கூட வேலை செய்பவர் என நமக்கு மிகவும் வேண்டியவர்களே அங்கே இருப்பார்கள். பிறகு அவர்களை ஒவ்வொருவராக எடுத்து, இவரிடம் சினம் கொள்வதில்லை என்று முடிவுசெய்து, அவரை ‘வாழ்க வளமுடன்’ என்று நாள்தோறும் வாழ்த்த வேண்டும்.

கவலைகளை வேதாத்திரி நான்காகப் பிரித்தார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இதன் பயன் தெளிவாகத் தெரியும். கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டம், குளத்தையும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய வானம் பார்த்த பூமி. அங்கே நெல்லும் கடலையும் போடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஐப்பசி பிறந்தும் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்பது முதல் வகை; வருந்தினாலும் மேகம் திரளாது. இரண்டு வருடம் கழித்து நடக்க வேண்டிய மகள் கல்யாணம் தள்ளிப்போட வேண்டியது. பங்காளி வீட்டில் என்ன பேசினார்கள் என்பது அலட்சியம் செய்ய வேண்டியது. நகைக்கடனைத் திருப்பிவைக்கும் கெடு அடுத்த வாரம் முடிகிறது என்பது மட்டும் இன்றே வங்கிக்குப் போக வேண்டிய விஷயம். நான்கும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அழுத்தும்போது, நகரக்கூடிய அந்த ஒன்றும் நகராமல் கிடக்கும். பிரித்து எழுதினால் இன்றைக்குரிய வேலை எது என்று தெரிந்துவிடும்.

நன்றி, உழைப்பு, பரிவு

நன்றியை முதலில் வீட்டுக்குள் சொல்லிப் பழக வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் அதுதான் அரிது. சோறு போட்டவரிடம் நன்றி சொல்வது அந்நியமாகப் பேசுவதுபோல் கூச்சம் தருகிறது. தம் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக வேதாத்திரி ஆக்கியது இந்தக் கூச்சத்தைப் போக்க உதவும் நல்ல ஏற்பாடு.

உழைப்பும் பரிவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் கண்ணாரக் கண்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டர்கள் ஊதியம் இல்லாமல் மாலை நேரங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வயல்வேலையும் கல்குவாரி வேலையும் செய்த பெண்கள் பகல் முழுக்க உழைத்த கையால் எழுதப் பழகினார்கள்; ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தொண்டர்கள் ரெய்கியைக் கேள்விப்பட்டே இருக்க வேண்டியதில்லை. நான்காவது, ஐந்தாவது நெறிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதும் இல்லை.

வரம்புகள்

கோபப்படாமை என்பது அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதல்ல. அடிக்கும் கணவனிடமும் கூலியைப் பிடித்துவைக்கும் முதலாளியிடமும் பொறுமையாக இரு என்று ஒரு பெண்ணுக்கு இந்த நெறியைக் காட்டிச் சொல்வது கொடுமை. நெறி கட்டுப்படுத்துவது நிதானம் இழப்பதைத்தான். புகார் கொடுப்பதையும் உரிமை கேட்பதையும் அது தடுப்பதில்லை.

கைவைத்துச் செய்யும் ரெய்கி சிகிச்சை நோயைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வெளியான, மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் பங்கேற்ற ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ரெய்கியை நம்பி நிறுத்துவது ஆபத்து. தூக்கமும் பசியும் கெடும் அளவுக்குக் கவலை முற்றியவருக்கு உறுதிமொழி மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம்.