அச்சத்தின் ஐந்தாம் வாயில்

முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையைப் பற்றி எழுதிய வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வழங்கிய விந்தையான ஊதியம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு, கடலின் பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்குச் சென்றது. அக்கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவர். மீன்கள் தம் விருப்பம்போல் திரியும். ஆறு நூற்றாண்டுகள் கழித்து, இலங்கையில் ஆங்கில அரசின் உயர் அதிகாரியாய் இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிய நூலிலும் இம்மந்திரக்காரர் 'கடல்கட்டி' என்னும் பெயருடன் காட்சி தருகிறார். அப்பணியில் அந்நாளில் இருந்தவர் கத்தோலிக்கர் என்பதையும் டெனன்ட் பதிவு செய்யத் தவறவில்லை.

குளியாளிகள் அச்சம் நீங்குதற்குப் பொருள் கொடுத்தனர். திரையரங்கில் அமர்வோர் அச்சம் பெறுதற்கே பொருள் கொடுக்கின்றனர். இவ்விரண்டாம் வாணிகம் தமிழில் எவ்வாறு வளர்ந்தது, அதிலும் கத்தியேந்திய கொலைஞன் ஒருவன் பெண்களை ஒருவர்பின் ஒருவராய்த் தேடிவரும் 'ஸ்லாஷர்' எனப்படும் படவகை தமிழ் மண்ணில் என்ன உருவம் கொண்டது என்பது இலக்கியம் பயில்வோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறாகும். அதற்குரிய அளவுகோல் தமிழில் முன்னரே உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை வகுத்தார். கடல்கட்டி கட்டியது இரண்டாவதை. பேய்ப்படங்கள் முதலாவதைச் சார்ந்தவை. ஆயின், வீட்டுக்குள் அன்பு காட்டி அருகிருப்பவனே அச்சத்திற்கு ஏதுவாகும் நிலை இந்நான்கனுள் எதில் அடங்கும்? தமிழ்த் திரைப்படம் திறந்த ஐந்தாம் வாயில் இதுவே எனலாம்.

1967இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' இன்னும் கள்வர் வகையிலேயே நின்றது. பெரிய வீடு, முகத்தை மறைத்த கொலைஞன், இருளில் தெரியும் கண்கள் என வண்ணத்தில் விரிந்த அப்படம், பின்னாளில் உலகெங்கும் மரபாகிவிட்ட பல உத்திகளை முன்னரே கையாண்டது. எனினும், முகமூடி கழன்றதும் அச்சமும் கழன்றுவிடுகிறது. கொலைஞன் யார் என்னும் வினாவே அங்கு முதன்மை பெற்றது.

திருப்பம் 1978 அக்டோபரில் நேர்ந்தது. அம்மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவில் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' வெளிவந்தது. ஸ்லாஷர் மரபை நிலைநிறுத்திய படம் என்று திறனாய்வாளர் பலரும் இதனையே சுட்டுவர். மூன்றே நாள் கழித்து, 28ஆம் நாள், தமிழகத்தில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்தது என்று கூற வழியே இல்லை. இரண்டுக்கும் முன்னோர் 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' போன்ற படங்கள் எனக் கொள்வது பொருந்தும்.

'16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' ஆகிய இரண்டால் சிற்றூரின் கலைஞர் என்று முத்திரை குத்தப்பட்டவர் பாரதிராஜா. அவர் மூன்றாவதாக மாநகர மாளிகைக்குள் புகுந்தது அந்நாளில் வியப்பைத் தந்தது. பி.எஸ். நிவாசின் ஒளிப்பதிவும், இளையராஜாவின் இசையும், பாக்யராஜின் உரையாடலும் அவருக்குத் துணை நின்றன. 'ஹாலோவீன்' கொலைஞனுக்கு முகமில்லை. வெண்ணிற முகமூடிதான் உண்டு. பாரதிராஜாவோ கொலைஞனுக்குத் தமிழகம் காதலித்த முகத்தைக் கொடுத்தார். திலீப்பாக நடித்தவர் கமல்ஹாசன். யார் என்னும் வினாவுக்கு அங்கு இடமே இல்லை. திலீப் கொலைஞன் என்பது பார்ப்போர்க்குத் தெரியும். அவனைக் காதலித்து மணந்து அவ்வீட்டுக்குள் நுழையும் சாரதாவுக்குத் தெரியாது. ஸ்ரீதேவியின் அச்சம் நிறைந்த கண்கள் மாளிகையின் மறைவுகளை ஒவ்வொன்றாய்க் கண்டறியும் பகுதி இன்றும் மெய்சிலிர்க்க வைப்பது. காதற்படத்தின் இலக்கணங்களான பாடலும், பூந்தோட்டமும், புதுமனையும் அங்கு ஒவ்வொன்றாகக் கொலைக்களத்தின் கூறுகளாகத் திரிகின்றன. ரோஜாச் செடிகள் வளர்வது புதைக்கப்பட்ட பெண்களின்மேல். அகத்திணையின் கருப்பொருளைப் புறத்திணையின் பிணக்களமாக்கிய இந்த உத்தியைக் கவிஞர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

இத்துணைத் திறமும் உடைய படத்தில் ஆறாத புண் ஒன்றும் உண்டு. திலீப்புக்கு ஓர் இளமைக்கதை தரப்படுகிறது. பெண்களால் வஞ்சிக்கப்பட்ட சிறுவன் அவன். கொலைகளின் ஒளிப்பதிவை இருந்த இடத்திலிருந்தே கண்டு களிக்கும் வளர்ப்புத் தந்தைக்கும் அத்தகைய காரணமே கூறப்படுகிறது. இறந்த பெண்கள் ஒழுக்கம் தவறியோராகவும், பிழைக்கும் சாரதா கற்புடையவளாகவும் வரையப்படுகின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் கரோல் குளோவர் 1987இல் 'இறுதிப் பெண்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். கட்டுப்பாடுடைய பெண் ஒருத்தி மட்டும் எஞ்சி நின்று கொலைஞனை எதிர்கொள்வாள் என்பது அவர் கண்ட மரபு. இங்கோ அம்மரபு கற்பு என்னும் பழைய ஆடையை அணிந்துகொண்டு வந்தமையால் எவருக்கும் உறுத்தவில்லை. கொன்றவனுக்கு வரலாறு உண்டு, கொல்லப்பட்டவர்க்கு இல்லை. படம் 1980இல் பாரதிராஜாவாலேயே ராஜேஷ் கன்னாவைக் கொண்டு 'ரெட் ரோஸ்' என இந்திக்குச் சென்றது.

அதே 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய இப்படத்தில், தாய்க்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு மனம் பிறழ்ந்த இளைஞன் (பிரதாப் போத்தன்) தான் விரும்பிய பெண்ணைக் கடத்திச் செல்கிறான். குருதியைக் காட்டிலும் பனியையும் மௌனத்தையும் நம்பிய படம் அது. கொலைஞன்மீது இரக்கம் கொள்ளச் செய்யும் ஆற்றலில் 'சிகப்பு ரோஜாக்க'ளை விஞ்சியது. அதனாலேயே கூடுதல் ஐயத்துக்கும் உரியது. கடத்தப்படும் பெண்ணாக நடித்த ஷோபா, படம் நவம்பரில் திரைக்கு வரும்போது உயிருடன் இல்லை. அவ்வாண்டு மே முதல் நாளே மறைந்துவிட்டார். அச்சம் தோய்ந்த அம்முகத்தை அந்நாளில் கண்டோர் கதையை மட்டும் கண்டிருக்க இயலாது. 1984இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்' மீண்டும் கணவனையே ஐயத்தின் நடுவில் நிறுத்தியது.

கொன்றவன் பக்கமே சாய்ந்திருந்த இக்கதைமரபு தலைகீழாகத் திரும்ப ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அஸ்வின் சரவணன் இயக்கி, அவரும் காவ்யா ராம்குமாரும் எழுதிய 'கேம் ஓவர்' 2019 ஜூன் 14 அன்று தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. ஸ்லாஷர் மரபை நன்கறிந்து அதனோடு விளையாடிய தமிழ்ப்படம் என்று இதனைத் துணிந்து கூறலாம். தொடக்கம் பழகிய தொடக்கமே. தனித்திருக்கும் பெண்ணை மறைந்திருந்து நோக்கும் கண், பின்னர்க் கொலை. இறந்தவள் பெயர் அமுதா. ஆனால் படம் அவளைப் பிணமாக விட்டுச் செல்லவில்லை. அமுதாவின் சாம்பல் கலந்த மையால் பச்சை குத்தப்பட்ட ஸ்வப்னா (தாப்ஸி), கணினி விளையாட்டு வடிவமைப்பாளர். முன்னொரு புத்தாண்டு இரவில் வன்கொடுமைக்கு ஆளாகி, இருளைக் கண்டாலே நடுங்குபவள்; பெற்றோரைப் பிரிந்து, பணிப்பெண் காலம்மாவின் துணையோடு வாழ்பவள். கொலைஞர்கள் அவ்வீட்டைச் சூழ்கின்றனர்.

அங்கே மரபு முறிகிறது. இறுதிப் பெண் இறக்கிறாள். விளையாட்டில் உள்ளதுபோல் அவளுக்கு மூன்று உயிர்கள். ஒவ்வோர் இறப்பிலும் கற்றதை அடுத்த உயிருக்குக் கொண்டு செல்கிறாள். சக்கர நாற்காலியில் இருக்கும் அவளுக்குத் துணை, காலம்மா (வினோதினி) ஒருத்தியே. காப்பாற்ற ஆண்மகன் எவனும் வருவதில்லை. கொலைஞர்க்கோ இளமைக்கதை இல்லை, காரணம் இல்லை, பிரபல முகமும் இல்லை. வரலாறு முழுவதும் பெண்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. பெருமிதம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் கல்வியையும் தறுகண்ணையும் சேர்த்தெண்ணினார் தொல்காப்பியர். ஸ்வப்னாவின் மூன்றாம் உயிர் அவ்விரண்டாலும் ஆனது. மறுபிறப்புக் கற்பனை எளிய தந்திரம் எனக் குறை கூறுவாரும் உளர். இறந்தவளின் நினைவு உயிரோடிருப்பவளைக் காக்கும் என்னும் கருத்து நடுகல் நட்ட நாட்டுக்குப் புதிதன்று.

தூத்துக்குடிக் கரைக்கும் பின்னர் ஓர் அச்சப்படம் கிட்டியது. கமல் பிரகாஷ் இயக்கி ஜி.வி. பிரகாஷ்குமார் நடித்த 'கிங்ஸ்டன்', 2025 மார்ச் 7 அன்று வெளிவந்தது. இக்கடற்கரையில் கற்பிக்கப்பட்ட சிற்றூர் ஒன்றில், சாபத்திற்கு உள்ளான கடலுக்குள் எவரும் செல்லத் துணியாத கதை அது. அணங்கே மீண்டும் அங்கு ஆட்சி செய்கிறது. போலோ கண்ட மந்திரக்காரர் பகலில் கட்டி இரவில் அவிழ்த்தது வெளியே திரியும் அச்சத்தை மட்டுமே. அவர் கரைக்கு மீண்டு இல்லம் திரும்பிய பின் அவ்வில்லத்துக் கதவுக்குள் எதற்கு எவள் அஞ்சினாள் என்பதைப் போலோ எழுதவில்லை; டெனன்டும் எழுதவில்லை.