ஆற்றுக்காகப் பிறந்து விதைக்குப் போன வரைபடம்

1987-இல் ஓர் அமெரிக்கப் புவியியல் ஆய்விதழுடன் வண்ண வரைபடம் ஒன்று வெளிவந்தது. வரைந்தவர் ஜேம்ஸ் ஓமர்னிக். ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸ் நகரில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். மாநில எல்லைகளை ஒதுக்கிவிட்டு, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்காவை 76 சூழலியல் வட்டாரங்களாகப் பிரித்திருந்தார். நிலத்தின் மேடுபள்ளம், மண், நிலப் பயன்பாடு, மனிதன் கைவைக்காவிட்டால் அங்கே வளரக்கூடிய தாவரங்கள் ஆகியவை சேர்ந்து மாறும் இடங்களில் கோடு விழுந்தது. ஒவ்வொரு வட்டாரத்தின் இயல்பும் அழுத்தமாகத் தெரியும் மையப் பகுதிகளைத் தனியாகவும் காட்டினார்.

ஓர் ஆறு எந்த அளவு நலமாக இருக்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் தேடியே வரைபடம் பிறந்தது. அதை முதலில் இறுகப் பற்றிக்கொண்ட மாநிலங்களில் ஒன்று ஒஹாயோ. அதன் வடமேற்கு, சதுப்பை வடித்து வயலாக்கிய களிமண் சமவெளி. ஓடைகளையே வாய்க்கால்போல நேராக வெட்டிவிட்டிருந்தார்கள். தென்கிழக்கோ காடடர்ந்த குன்றுகள். மாநிலத்தின் ஐந்து வட்டாரங்களிலும் அதிகம் கெடாத ஓடைகளைத் தேடிப் பிடித்தார்கள். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கிய மீன்களை வலையில் அள்ளி, எத்தனை இனம், மாசைத் தாங்கும் மீன் எவ்வளவு, உடம்பில் புண்ணோ கட்டியோ உண்டா என்று பார்த்துவிட்டுத் திரும்ப விட்டார்கள். இவற்றை வைத்து ஓடைக்குப் போட்ட மதிப்பெண் 12 முதல் 60 வரை. இறங்கி நடக்கக்கூடிய ஓடைகளுக்கு, 1990-இல் வந்த விதி குன்றுப் பகுதியில் 44 கேட்டது, சமவெளியில் 32. இது சமவெளிக்குக் காட்டிய சலுகை என்று நினைக்கத் தோன்றும். ஆனால், 36 வாங்கிய குன்றோடை இனி ‘பரவாயில்லை’ என்று தப்பிக்க முடியாது என்பதே இதன் பெரிய பலன்.

பின்னர் மாநிலம் மாநிலமாக வட்டாரங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். ஆற்றைவிட்டு வரைபடம் கரையேறியது. மேற்கின் வறண்ட நிலங்களில் தீப்பிடித்தால், மறுபடி புல்லும் புதரும் முளைக்க விதை வேண்டும். ஒரே இனம்தான் என்றாலும், வெப்பமான பள்ளத்தாக்கில் எடுத்த விதை உறைபனி விழும் மேட்டுநிலத்தில் தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. 2014-இல் வனத்துறை விஞ்ஞானிகள் குளிர்காலக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் வறட்சியையும் வைத்து விதை மண்டலங்கள் வகுத்தார்கள். அதன்மேல் ஓமர்னிக்கின் வட்டாரங்களைப் பொருத்தினார்கள். விதை எடுத்த இடமும் விதைக்கும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்பதை இப்போது பார்த்துச் சொல்லலாம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காடும் அந்தப் பக்கம் வேறொன்றும் சட்டென்று மாறிவிடுவதில்லை. இடையில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை நடந்து பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆனால், எதை எதோடு ஒப்பிடுவது என்பதை இந்த வரைபடம் சொல்லிவிடுகிறது. ஒரு நிலத்தை மீட்க இறங்கினால், கன்று வாங்குவதற்கு முன், அதே வட்டாரத்தில் கெடாமல் மிஞ்சிய இடத்தை முதலில் தேடிப் போய்ப் பாருங்கள். இலக்கை அங்கிருந்து எடுங்கள்.