தமிழ்நாட்டில் மது வாங்கும் சட்டப்பூர்வ வயது

தமிழ்நாட்டில் மது வாங்கும் சட்டப்பூர்வ வயது 21 ஆகும். 21 வயது நிரம்பாத எவருக்கும் மதுக்கடைகளிலும் அவற்றோடு இணைந்த மதுக்கூடங்களிலும் மது விற்கக் கூடாது என்பது விதி. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் (டாஸ்மாக்) வசம் உள்ளது. ஆகவே இவ்விதியை இயற்றிய மாநில அரசே, தன் நிறுவனத்தின் வாயிலாக, விதிக்குக் கட்டுப்பட்ட விற்பனையாளராகவும் இருக்கிறது. நடைமுறைச் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த இரட்டை நிலை ஒரு காரணமாகும்.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இதனால் இந்தியா முழுமைக்கும் பொதுவான வயது வரம்பு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு வயதை வகுத்துக் கொள்கிறது. மது முதலிய போதைப் பொருட்களின் பயன்பாட்டைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு வழிகாட்டுகிறது.

18 வயதில் ஒருவர் சட்டப்படி வயது வந்தவர் ஆகிறார். வாக்களிக்கலாம், மகிழுந்து ஓட்ட உரிமம் பெறலாம். ஆனால் தமிழ்நாட்டில் மது வாங்க மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வரலாறு

வயது வரம்பு என்பது மது விற்பனை அனுமதிக்கப்பட்ட காலத்தில் மட்டுமே பொருளுடையது. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மதுவிலக்கும் மது விற்பனையும் மாறி மாறி வந்துள்ளன.

1937: இராசாசி தலைமையிலான அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் இயற்றியது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது.
1948: ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவடைந்தது.
1971: மு. கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.
1981: எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.
1983: மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடங்கப்பட்டது.
2003: ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் நவம்பர் மாதம் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம் வந்தது. அதற்கு முன்னர் தனியார் உரிமம் பெற்றுக் கடைகளை நடத்தி வந்தனர்.

இன்று நடைமுறையில் உள்ள 21 வயது வரம்பும், கடை அமைவிடம் பற்றிய கட்டுப்பாடுகளும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மது சில்லறை விற்பனை விதிகளைச் சார்ந்தவை.

இரு சட்டங்கள், மூன்று நிலைகள்

மாநில விதியோடு நடுவண் அரசின் சட்டம் ஒன்றும் இங்குப் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, மருத்துவர் ஆணையின்றி 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மது கொடுப்பது குற்றமாகும். இதற்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகையும் உண்டு. இதற்கு முன்பிருந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சத் தண்டனை 3 ஆண்டுகளாக இருந்தது. சிறுவர்களைக் கொண்டு மது விற்கச் செய்வதும் கடத்தச் செய்வதும் 78ஆம் பிரிவின்படி இதே அளவு தண்டனைக்குரியவை.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள முசரவாக்கம் என்னும் சிற்றூரில் 17, 19, 21 வயதுடைய மூவர் இருப்பதாகக் கொள்வோம். 17 வயதினருக்கு மது கொடுப்பவர் கடையின் விற்பனையாளராயினும், உறவினராயினும், நண்பராயினும் நடுவண் சட்டப்படி குற்றவாளி ஆவார். 19 வயதினர் மீது அச்சட்டம் பாயாது. அவருக்கு விற்பது மாநில விதியை மீறுவது மட்டுமே. 21 வயது நிரம்பியவருக்கு விற்கத் தடையில்லை. ஆனால் அவர் வாங்கியதைப் 17 வயதினரிடம் கொடுத்தால் அவரே 77ஆம் பிரிவின் கீழ் வருவார். பெரியவர் ஒருவரை அனுப்பி மது வாங்கிவரச் செய்யும் வழக்கம் பரவலாக இருப்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது முக்கியமாகும்.

நடைமுறைப்படுத்தல்

மதுக்கடையில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் ஆகியோர் பணியாற்றுகின்றனர். வாங்க வருபவரின் வயதை மதிப்பிடும் பொறுப்பு இவர்களையே சாரும். வரிசை நீளும் மாலை வேளையில், கம்பி வலைக்கு அப்பால் நிற்பவருக்கு 19 வயதா 22 வயதா என்பதை முகத்தைக் கொண்டு முடிவு செய்வது எளிதன்று. ஒவ்வொரு விற்பனையின் போதும் அடையாள அட்டையைக் கேட்கும் வழக்கம் கடைகளில் வேரூன்றவில்லை. மதுக்கூடங்களைப் பெரும்பாலும் ஒப்பந்தம் பெற்ற தனியார் நடத்துகின்றனர். அங்கும் இதே வயது விதி பொருந்தும்.

அடையாள அட்டை கேட்கும் முறைக்கு அண்மையான முயற்சி ஒன்று 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கொரோனா ஊரடங்குக்குப் பின் மே 7 அன்று கடைகள் திறக்கப்பட்டபோது, ஆதார் எண்ணைக் குறித்துக்கொண்டு விற்க வேண்டும் என்பதும் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. கூட்டத்தைக் குறைக்க வயதுவாரியாக நேரமும் ஒதுக்கப்பட்டது. நிபந்தனைகள் மீறப்பட்டதால் மறுநாளே கடைகளை மூட நீதிமன்றம் ஆணையிட்டது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. இம்முயற்சியின் நோக்கம் நோய்த் தடுப்பே அன்றி இளையோரைத் தடுப்பதன்று. எனினும், விற்பனை முகப்பில் அட்டை கேட்பதை நிலைநிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது.

2024 நவம்பரில், மது விற்கும் இடங்களில் வயதைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கக் கோரிய பொதுநல மனு ஒன்றின் மீது உச்ச நீதிமன்றம் நடுவண் அரசின் விளக்கத்தைக் கேட்டது.

தொலைவும் நேரமும்

இளையோரை மதுவிலிருந்து விலக்கி வைக்கும் நோக்கம் கடையின் அமைவிட விதிகளிலும் உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையங்களிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை அமையக் கூடாது. பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள் அமையக் கூடாது. கோயில்கள் நிறைந்த காஞ்சிபுரம் நகரில் 50 மீட்டர் என்பதும், முசரவாக்கம் போன்ற ஊராட்சிகளில் 100 மீட்டர் என்பதும் அளவாகும்.

தொலைவை நாடாவால் அளக்கலாம். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். ஆதலால் பொதுமக்களின் போராட்டங்களும் வழக்குகளும் பெரும்பாலும் இவ்விரண்டைச் சுற்றியே எழுந்துள்ளன. காந்தியவாதி சசிபெருமாள், கல்வி நிலையத்துக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலிருந்த கடையை அகற்றக் கோரி கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது 2015 சூலை 31 அன்று உயிரிழந்தார். தமிழ்நாட்டிலிருந்து எழுந்த கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 திசம்பர் 15 அன்று நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனையைத் தடை செய்தது. 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் இத்தொலைவு 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2016 மே மாதத்தில் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன.

பிற மாநிலங்களும் நாடுகளும்

புதுச்சேரி, கோவா: 18
ஆந்திரப் பிரதேசம், தெலங்காணா: 21
கேரளம்: 23 (2017இல் 21இலிருந்து உயர்த்தப்பட்டது)
தில்லி: 25
மகாராட்டிரம்: பீர் வகைக்கு 21, கடும் மதுவுக்கு 25
குசராத்து, பீகார்: மதுவிலக்கு
இலங்கை: 21 (2006ஆம் ஆண்டுச் சட்டம்)
மலேசியா: 21 (2017இல் 18இலிருந்து உயர்த்தப்பட்டது)
சிங்கப்பூர்: 18

தமிழ்நாட்டில் வாங்க இயலாத 18 வயதினர் அண்டையிலுள்ள புதுச்சேரியில் வாங்க இயலும் என்பது கவனிக்கத்தக்கது.

ஜப்பானில் 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வயது 20 ஆகும். 2022 ஏப்ரலில் அந்நாடு வயது வந்தோர் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்த போதிலும், மது அருந்தும் வயதை மாற்றவில்லை. அச்சட்டம் குடிக்கும் இளையவரைத் தண்டிப்பதில்லை. அறிந்தே விற்ற கடைக்காரரையும் தடுக்கத் தவறிய பெற்றோரையுமே பொறுப்பாக்குகிறது. விற்பவருக்கு 5 இலட்சம் யென் வரை தண்டத்தொகை உண்டு. பல கடைகளில் பணம் செலுத்தும் திரையில் தாம் 20 வயது நிரம்பியவர் என்பதை வாங்குபவரே தொட்டு உறுதி செய்கிறார். வாங்குபவரின் சொல்லை நம்பும் இம்முறையும் முழுமையானதன்று.

திறனாய்வு

டாஸ்மாக் வழியாக மாநில அரசுக்குக் கிடைத்த வருவாய் 2023-24 நிதியாண்டில் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. விற்பனையால் வருவாய் பெறும் அரசே விற்பனையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஏற்றிருப்பது முரண்பாடு என மதுவிலக்கு ஆதரவாளர்கள் கூறுகின்றனர். மாறாக, கடைகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பதால், அட்டை சரிபார்ப்பைக் கட்டாயமாக்க ஓர் ஆணையே போதும் என்ற வாதமும் உண்டு. தனியார் கடைகள் பல்கியுள்ள மாநிலங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கப்படுவதை அறிபவர்கள் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1098இல் தெரிவிக்கலாம்.