காலி மடத்துக்கு வந்த விருந்தாளிகள்: குளித்தலை சாந்திவனத்தின் கதை

கோயம்புத்தூர்ல இருக்கிற நமக்கு 'ரிட்ரீட்'ங்கிற வார்த்தை புதுசு இல்ல. சனி, ஞாயிறு ரெண்டு நாள் போனை ஆஃப் பண்ணிட்டு, எங்கயாவது மலையடிவாரத்துல போய் உட்கார்ந்துட்டு வர்றது இப்ப நிறைய பேருக்குப் பழக்கமாயிடுச்சு. இன்னைக்கு நாம பேசப்போறது 1950ல ஆரம்பிச்ச ஒரு இடத்தைப் பத்தி. ஆரம்பிச்சவங்க போட்ட கணக்குப்படி பார்த்தா அது தோத்துப்போன இடம். ஆனாலும் எழுபது வருஷத்துக்கு மேல அது நிக்குது. எப்படி?

கொங்குநாட்டோட கிழக்கு எல்லை எதுன்னு கேட்டா, பழைய பாட்டு ஒண்ணு குளித்தலையைக் காட்டும். ஈரோட்டுல இருந்து திருச்சிக்கு ரயில்ல போனா, கரூர் தாண்டி காவிரியை ஒட்டி வர்ற ஊர். அதுக்குப் பக்கத்துல தண்ணீர்ப்பள்ளி. அங்க ஆத்தங்கரையில இருக்கிறதுதான் சச்சிதானந்த ஆசிரமம். எல்லாரும் கூப்பிடுற பேர் சாந்திவனம். வாசல்ல கோபுரம், உள்ள விமானம் வச்ச கருவறை. முதல் தடவை பார்க்கிறவங்க கோயில்னுதான் நினைப்பாங்க. ஆனா அது ஒரு கத்தோலிக்கத் துறவு மடம்.

காவிக்கு ஒரு முன்கதை

கிறிஸ்தவத் துறவி காவி கட்டுறது 1950ல ஆரம்பிச்ச விஷயம் இல்ல. 1606ல மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்தி, சைவ உணவு மட்டும் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கத்துக்கிட்டார். 1623ல அவர் சேந்தமங்கலம், சேலம்னு நம்ம கொங்குப் பக்கமும் வந்திருக்கார். இதே வருஷம்தான், பல வருஷ சண்டைக்கு அப்புறம், அவரோட முறைக்கு ரோம் அனுமதி கொடுத்துச்சு.

ஆனா அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. உயர்சாதிக்காரங்களை நெருங்கணும்னா மத்தவங்களோட தான் நெருங்கிப் பழகக்கூடாதுன்னு அவர் முடிவெடுத்தார். விளைவு, 1640 வாக்குல மத்த சாதிக்காரங்களுக்காகப் 'பண்டார சுவாமிகள்'னு தனியா ஒரு குருமார் வகையே உருவாக்க வேண்டியதாப் போச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க. கடைசியில திரும்ப இங்கதான் வருவோம்.

ரெண்டு பேர், ஒரு மாந்தோப்பு

ஜூல் மொன்ஷனேன் பிரான்சுல லியோன் பக்கம் 1895ல பிறந்தவர். பெரிய படிப்பாளி. 1939ல திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்து, கிராமத்துப் பங்குகள்ல ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு நடுவுல வேலை பார்த்தார். குளித்தலையும் அதுல ஒண்ணு. இன்னொருத்தர் ஆன்ரி லெ சோ. பிரிட்டனி கடற்கரை ஊர்க்காரர், பெனடிக்ட் சபைத் துறவி. 1948ல இந்தியா வந்தார். 1949 ஜனவரியில ரெண்டு பேரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்தாங்க. அந்தச் சந்திப்பு லெ சோவைக் கடைசி வரைக்கும் விடவே இல்ல.

1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாள் அன்னைக்கு ஆசிரமம் தொடங்குச்சு. சத், சித், ஆனந்தம்ங்கிற மூணையும் கிறிஸ்தவத்தோட மூவொரு கடவுளுக்குப் பொருத்திப் பார்த்துத்தான் அந்தப் பேர். வங்காளத்தைச் சேர்ந்த பிரம்மபாந்தப் உபாத்யாய் 1890கள்லயே இந்த யோசனையை முன்வச்சிருந்தார். மொன்ஷனேன் பரம அரூபி ஆனந்தர் ஆனார், லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். மாந்தோப்புக்குள்ள குடிசை, தரையில பாய், சைவச் சாப்பாடு.

அவங்க கனவு என்னன்னா, இந்திய இளைஞர்கள் வருவாங்க, மெல்ல மெல்ல ஒரு பெரிய துறவுச் சமூகம் உருவாகும்.

யாரும் வரல. சரியாச் சொன்னா, சிலர் வந்தாங்க, யாரும் தங்கல.

அது ஏன்னு கொஞ்சம் யோசிச்சா புரியும். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பையன் சாமியார் ஆகுறான்னா வெள்ளை அங்கி, பங்கு, பள்ளிக்கூடம். அதுல ஒரு மரியாதை இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு. காவி கட்டி ஆத்தங்கரைக் குடிசையில உட்காருறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? இந்துக்களுக்கோ, இங்க வந்துதான் தியானம் கத்துக்கணும்ங்கிற அவசியமே இல்ல. ரெண்டு பக்கமும் கேட்காத ஒண்ணை, ரெண்டு பேர் ரொம்ப அன்போட செஞ்சு வச்சிருந்தாங்க.

அவங்க ரெண்டு பேருக்கு உள்ளயும் ஒத்துவரல. லெ சோ அடிக்கடி அருணாசலக் குகைகளுக்குக் கிளம்பிடுவார். மொன்ஷனேனுக்கு அவ்வளவு தூரம் அத்வைதத்துக்குள்ள போறதுல தயக்கம். 1957ல மொன்ஷனேன் உடம்பு முடியாம பாரிசுக்குப் போய் அங்கயே இறந்துட்டார். லெ சோவோட மனசு இமயமலைப் பக்கம் போயிடுச்சு. 1968ல ஆசிரமத்தை விட்டுட்டு உத்தரகாசிக்கே போயிட்டார். பதினெட்டு வருஷம் ஆச்சு, சமூகம் உருவாகல.

கதவு திறந்தது

அதே 1968ல கேரளாவுல குரிசுமலை ஆசிரமத்துல இருந்து பீட் கிரிஃபித்ஸ் வந்தார். ஆங்கிலேயர், ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர், எழுத்தாளர் சி. எஸ். லூயிஸோட நண்பர். கூட ரெண்டு துறவிகள்.

காலமும் மாறியிருந்துச்சு. 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், மத்த மதங்கள்ல இருக்கிற உண்மையையும் புனிதத்தையும் சபை ஒதுக்கித் தள்ளுறதில்லன்னு அறிவிச்சுது. 1969ல ரோம், திருப்பலியில தரையில உட்காருறது, கைகூப்புறது, ஆரத்தி எடுக்கிறதுன்னு பன்னிரண்டு இந்திய வழக்கங்களுக்கு அனுமதி கொடுத்துச்சு.

சாந்திவனத்துல ஒரு நாள் இப்படித்தான் அமைஞ்சுது: விடியும்போதும் பொழுது சாயும்போதும் தியானம். நாளுக்கு மூணு வேளை பொது வழிபாடு. காலையில நெத்திக்குச் சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயந்தரம் விபூதி. பைபிளோட சேர்த்து உபநிடதம், கீதை, தமிழ்ப் பக்திப் பாடல்கள்னு வாசிப்பு. குளித்தலைக்காரங்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். ஒரே நாள்ல காலையில கடம்பவனேசுவரர், உச்சியில ஐயர்மலை, அந்தியில திருஈங்கோய்மலைன்னு மூணு சிவன் கோயிலைக் கும்பிடுறது அந்தப் பக்கத்து வழக்கம்.

இந்தத் தடவை ஆட்கள் வந்தாங்க. ஆனா பெரும்பாலும் துறவியாக இல்ல, விருந்தாளியாக. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல இருந்து, நிறைய பேர் சர்ச்சை விட்டு விலகினவங்க. ஹைதராபாத்ல பயிர் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த ரூபர்ட் ஷெல்ட்ரேக் இங்க ஒரு வருஷத்துக்கு மேல தங்கித்தான், 1981ல வெளியாகி அறிவியல் உலகத்துல பெரிய சண்டையைக் கிளப்பின அவரோட முதல் புத்தகத்தை எழுதினார். வந்தவங்க பாடம் கேட்டுட்டு மட்டும் போகல. தரையில உட்கார்ந்து எல்லாரோடயும் சாப்பிட்டாங்க, காய் நறுக்கினாங்க. சுத்துவட்டாரக் கிராமங்களுக்காக முதியோர் இல்லம், பெண்களுக்குத் தையல் பயிற்சி மாதிரி வேலைகளும் ஆசிரமத்தோட அன்றாடத்துல சேர்ந்துச்சு. 1980களோட தொடக்கத்துல அது இத்தாலியில வேர் இருக்கிற கமால்டோலி சபையோட இணைஞ்சுது. கிரிஃபித்ஸ் 1993 மே 13 அன்னைக்கு அங்கேயே இறந்தார்.

மூணு பக்கமும் கேள்வி

எல்லாருக்கும் இது பிடிச்சுதான்னா, இல்ல. பழமைவாதக் கத்தோலிக்கர்களுக்கு இது எல்லை மீறல். 1989ல வத்திக்கானே கிழக்கத்திய தியான முறைகள் பத்தி எச்சரிக்கைக் கடிதம் வெளியிட்டுச்சு. கிரிஃபித்ஸ் அதை வெளிப்படையாவே விமர்சிச்சார். இந்துத் தரப்புல இருந்து சீதா ராம் கோயல் 1988ல கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டிச்சுப் புத்தகமே போட்டார். ஓம், காவி எல்லாம் மதமாற்றத்துக்கான வேஷம்னு அவரோட வாதம். மதமாற்றம் நோக்கமே இல்லைன்னு கிரிஃபித்ஸ் பதில் சொன்னார்.

எனக்கு இதைவிடக் கனமாத் தெரியிறது மூணாவது கேள்வி. அதே 1980கள்ல தலித் இறையியலாளர்கள் கேட்டது. "இந்தியப் பண்பாடு, இந்தியப் பண்பாடுன்னு சொல்றீங்களே, அது யாரோட பண்பாடு?" தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள்ல பெரும்பகுதி தலித்துகள். பல ஊர்ல கல்லறைத் தோட்டத்துல கூட சாதிச் சுவர் இருந்துச்சு. அவங்க தாத்தா பாட்டிகள் எந்த வேதத்தைக் கேட்கவே கூடாதுன்னு தடுக்கப்பட்டாங்களோ, அதையே இப்ப சர்ச்சுக்குள்ள புனிதமா வாசிச்சா, அவங்களுக்கு அது வீடு திரும்பின மாதிரி இருக்குமா? தெ நோபிலி காலத்துக் கேள்வி முந்நூத்தம்பது வருஷம் கழிச்சும் அப்படியே நின்னுச்சு.

இதுக்குச் சாந்திவனத்துக்கிட்ட முழுசா பதில் இருக்குன்னு நான் நினைக்கல. ஆனா அந்த இடத்தைக் காப்பாத்தினது சந்தனமோ சமஸ்கிருதமோ இல்லைன்னு தோணுது. 'இந்தியத் துறவி இப்படித்தான் இருக்கணும்'னு ஒரு திட்டத்தோட காத்திருந்த வரைக்கும் அங்க யாரும் தங்கல. யார் வந்தாலும் பக்கத்துல உட்கார வச்சு சாப்பாடு போட ஆரம்பிச்ச பிறகுதான் அது ஒரு சமூகமாச்சு. யார் யாரோட உட்கார்ந்து சாப்பிடலாம்னு சாதி முடிவு பண்ணின ஊர்ல, அது சின்ன விஷயம் இல்ல.

அடுத்த தடவை நீங்க ஏதாவது ரிட்ரீட் போனா, தியான மண்டபத்தைப் பார்க்கிற மாதிரியே சமையல்கட்டையும் ஒரு எட்டு பாருங்க. யார் சமைக்கிறாங்க, அவங்க எங்க உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு கவனிங்க. பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.