பங்கு கேட்கும் உரிமையும் பங்கைக் காக்கும் வலிமையும்

முதுசக் காணி ஒன்றுக்கு உரியவர் பலர். ஒருவர் பிரித்துத் தருமாறு கேட்கிறார், ஏனையோர் மறுக்கின்றனர். நீதிமன்றம் சென்றால் நீதி கிட்டுமா? விடை காணுமுன் சட்டம் வந்த வழியை நோக்குவது நன்று.

வடபகுதித் தமிழரின் வழக்காறுகள் ஒல்லாந்தர் காலத்தில், 1706இல், தேசவழமையாகத் தொகுக்கப்பட்டன. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அவ்வழமையின்படி, தன் பிரிபடாப் பங்கை விற்க விரும்புபவன் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்தல் வேண்டும். முதுசத்துள் அந்நியன் நுழையாதபடி இட்ட வேலி அது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைப் பேணியது.

1863இன் பாகப்பிரிவினைச் சட்டமோ வேறொரு வழியைத் திறந்தது. பங்கு எத்துணைச் சிறிதாயினும் அதற்குரியவன் பிரிவினை கோரலாம். பிரிக்க இயலாதெனில் காணி முழுவதையும் விற்கும்படி கோரலாம். ஒதுக்கப்பட்ட தங்கைக்கு இது நல்ல ஆயுதமே. ஆனால் அதே ஆயுதம் பணம் படைத்தவன் கையையும் அடைந்தது. வறியவன் ஒருவனின் சிறு பங்கை வாங்கி, அதனைக் கொண்டே முழுக் காணியையும் ஏலத்துக்கு இழுக்க அவனால் இயன்றது.

இன்று வழங்குவது 1977இன் 21ஆம் இலக்கச் சட்டம். வழக்குக் காணிப் பதிவகத்தில் பதியப்படும், நில அளவையாளர் காணியை அளப்பார், உறுதிகள் ஆராயப்படும், பங்குகள் வரையறுக்கப்பட்ட பின்னரே இறுதித் தீர்ப்பு. அத்தீர்ப்பு வழக்கில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும். விடுபட்ட பங்காளிக்குப் பெரும்பாலும் எஞ்சுவது நட்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே.

இதன் கடுமையை வன்னி மண்ணில் நின்று நோக்குக. போரின் இறுதி மாதங்களில், 2009இல், தர்மபுரத்து மக்களும் வீடு வாசலை விட்டு ஓடினர். காணியில் இராதவன், உறுதி இழந்தவன், கடல் கடந்தவன் ஆகியோரே பங்காளிப் பட்டியலிலிருந்து எளிதில் விடுபடுபவர். பத்தாண்டு ஆட்சியால் பிறர் உரிமை கோருவதைத் தடுக்க, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கினின்றும் நீக்கும் சிறப்புச் சட்டம் 2016இல் பிறந்தது. ஆனால் அது நடைமுறையில் இருக்க விதிக்கப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள்!

குடியேற்றக் காணிகளின் நிலை வேறு. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் நிலம் துண்டுபடலாகாது என்றது. நோக்கம் நன்றே. ஆயினும் பின்னுரித்தாளி நியமிக்கப்படாத இடத்து, அதன் அட்டவணை மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. களை பிடுங்கிய கைக்கும் கதிர் அறுத்த கைக்கும் அங்கே இரண்டாம் இடமே கிடைத்தது. அவ்வேற்றுமை நீங்க 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு சட்டம் விரும்பியவன் கேட்டதும் பிரித்தது. மற்றொன்று பிரிக்கவே மறுத்தது. இரண்டிலும் நலிந்தவர், வழக்காடப் பொருளும் காத்திருக்கப் பொழுதும் இல்லாதவரே. பங்கு கேட்கும் உரிமை வேறு, பங்கைக் காக்கும் வலிமை வேறு.

ஆகவே, வழக்குக்கு முன்னரே சகோதரிகளையும் தொலைவில் உள்ளோரையும் சேர்த்து வமிசவழியை எழுதுவோம். உடன்பட்டுப் பிரிக்கக்கூடிய காணியை நொத்தாரிசு முன் உறுதி எழுதிப் பிரித்துக்கொள்வோம். இயலாதவிடத்து, 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுவோம். எழுதத் தெரிந்த ஆசிரியரும் மாணவரும் தம் அயலவருக்குச் செய்யக்கூடிய பணி இது. பட்டியலில் ஒரு பெயரும் விடுபடாதிருத்தலே பாகப்பிரிவினையின் முதல் நீதி.