முருகைக்கல்லும் கொங்கிறீட் காலும்

இப்னு பதூதா மாலைத்தீவில் காழியாக இருந்ததை நம்மில் பலர் அறிவோம். 1343இல் அங்கே போனவர், அடுத்த வருடம் இலங்கைக்கு வந்து எங்கள் சபரகமுவவின் பாவா ஆதம் மலையிலும் ஏறினார். அவர் அங்கே முடித்த திருமணங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அவர் பார்த்தெழுதிய வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு மூன்று முழ நீளக் கற்களை அடுக்கி, அவற்றின் மேல் தென்னைமர உத்தரங்களைப் போட்டு, அதற்கு மேலேதான் பலகைச் சுவர் எழுப்பினார்களாம். நிலத்தின் ஈரத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது.

பிறகு முருகைக்கல் வந்தது. கடலிலிருந்து எடுத்த சூட்டில் செதுக்க இலகுவானது, காய்ந்தால் இறுகிவிடும். மாலேயில் 1658இல் சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்ற ஜும்ஆப் பள்ளிவாசல் இந்தக் கல்லால் ஆனது. ஒரு பள்ளிவாசலுக்கு எடுத்த கல்லால் கடல் குறைந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சனம் பெருகி, உல்லாச விடுதிகளும் பெருகியபோதுதான் தீவுகளைச் சுற்றியிருந்த பாறையை அளவில்லாமல் தோண்டினார்கள். அலையின் வேகத்தை முறித்தது அந்தப் பாறைதான். போதாததற்கு, மாலேயைச் சுற்றியிருந்த ஆழமற்ற கடலையும் நிரப்பி ஊரைப் பெருப்பித்தார்கள். குடியிருப்பு பாறையின் விளிம்புக்கே போய்விட்டது.

1987 ஏப்ரலில், எங்கோ தெற்குப் பெருங்கடலில் எழுந்த அலைகள் வந்து மாலேக்குள் புகுந்தன. புதிதாக நிரப்பிய நிலத்துக்குத்தான் முதல் அடி. கொழும்பு றோயல் கல்லூரியிலும் அல்-அஸ்ஹரிலும் படித்த ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம், அந்த ஒக்டோபரிலேயே ஐக்கிய நாடுகள் சபையில் கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசினார். ஜப்பான் உதவிக்கு வந்தது. நான்கு கால் கொண்ட கொங்கிறீட் கட்டிகளை, டெட்ராபொட் என்பார்கள், ஒன்றோடொன்று கோத்து அடுக்கினார்கள். அதன் இடுக்குகளுக்குள் நுழையும் அலை சிதறி வலுவிழக்கும். தெற்கில் தொடங்கிய வேலை படிப்படியாக நகரைச் சுற்றி முடிய 2002 ஆனது. பாறை சும்மா செய்து கொடுத்த வேலைக்கு இத்தனை வருடமும் இத்தனை காசும்!

2004 சுனாமியில் மாலேக்குள்ளும் தண்ணீர் வந்தது; ஆனால் அணை அதன் வேகத்தைத் தாங்கியதால் நகரம் பெருநாசத்திலிருந்து தப்பியது. அப்படியொரு அணை இல்லாத கந்தொல்ஹுதூ தீவு வாழவே முடியாமல் அழிந்து, அதன் மக்கள் பின்னர் துவாஃபரு என்ற வேறு தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். தலைநகருக்குக் கிடைத்த அணை மற்றத் தீவுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை வரலாறு எழுதுபவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

1997இல் தொடங்கிய ஹுல்ஹுமாலே வேறு வழி. கடலை நிரப்பி, சுமார் இரண்டு மீற்றர் உயரத்தில் புதுத் தீவையே உண்டாக்கினார்கள். இப்னு பதூதா கண்ட வீட்டின் அதே யோசனைதான். உயர்த்தியது வீட்டையல்ல, தீவை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப நாங்களும் இலங்கையச் சுத்திக் கட்டேலாதா சேர்?" என்று கேட்டது. கடலே தெரியாத வரக்காப்பொலயில் இருந்துகொண்டு நல்ல கேள்விதான். நான் ஒலுவிலைப் பற்றிச் சொன்னேன்.

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு. 2000 செப்டம்பரில் அவர் வபாத்தான ஹெலிகொப்டர் விபத்து நடந்ததும் எங்கள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில்தான். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் துறைமுகத்தைத் திறந்தார்கள்.

கிழக்குக் கரையில் மண் ஓரிடத்தில் நிற்பதில்லை. மொத்தமாகப் பார்த்தால் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டேயிருக்கும். துறைமுகத்தின் அலைதடுப்பு அணை குறுக்கே நின்றது. தெற்கில் மண் குவிந்தது, துறைமுக வாயும் தூர்ந்தது. வடக்கிலோ வரவேண்டிய மண் வரவில்லை. கரை உடைந்தது, தென்னைகள் விழுந்தன, காணிகள் கடலுக்குப் போயின, கரைவலை இழுக்க இடமில்லாமல் போனது. நிந்தவூர் பக்கமும் அரிப்பு முறைப்பாடு எழுந்தது.

பிறகு அரிக்கும் இடத்தில் கல் போட்டார்கள். கல் அந்த இடத்தைக் காக்கும், மண்ணைக் கொண்டுவராது. வாயைத் தோண்டித் திறக்கச் சொல்கிறார்கள் வள்ளக்காரர்கள். தோண்டும் மண்ணை எங்கள் கரைக்கே கொட்டுங்கள் என்கிறார்கள் காணிக்காரர்கள். இரண்டு பேச்சும் நியாயம். இரண்டுக்கும் மருந்தும் ஒன்று. தெற்கில் தேங்கும் மண்ணை எடுத்து அணையைத் தாண்டி வடக்கே சேர்க்க வேண்டும். ஒரு முறை செய்து விட்டுவிடும் வேலையல்ல, துறைமுகம் இருக்கும் வரை வருடாவருடம் செய்ய வேண்டியது. அதற்கான செலவைக் கட்டும்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.