பன்மாறி, திசையன் நுண்கணிதம்

ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைக் கொண்ட சார்புகளையும் திசையன் புலங்களையும் பற்றிய பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முன்னது முதல் செமஸ்டரிலும் பின்னது இரண்டாவதிலும் வந்தன. மாணவர் பேச்சில் வெறும் ‘எம் ஒன்’, ‘எம் டூ’.

ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஆழம் என்பது இடத்துக்கு இடம் மாறும், இரு மாறிகளின் சார்பு. தரை எந்தப் பக்கம் சட்டென்று இறங்குகிறது என்பதை அதன் கிரேடியன்ட் காட்டும். இரட்டைத் தொகையீடு மொத்த நீரின் கன அளவைத் தரும். தண்ணீரில் கால் வைக்காமல் கரையை மட்டும் ஒரு சுற்று அளந்தே பரப்பைச் சொல்லிவிடலாம் என்கிறது கிரீன் தேற்றம். மாணவரைத் திணறடிப்பது பெரும்பாலும் கணக்கல்ல, தொகையீட்டின் எல்லைகளைக் குறிப்பதுதான்.

கிரீன் தேற்றத்தை வளைந்த பரப்புகளுக்கும் விரிக்கும் ஸ்டோக்ஸ் தேற்றத்தை 1850இல் ஸ்டோக்ஸுக்குக் கடிதத்தில் எழுதியவர் வில்லியம் தாம்சன். ஸ்டோக்ஸ் அதை 1854இல் கேம்பிரிட்ஜ் தேர்வில் கேள்வியாக்கினார். அன்று எழுதியவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர்.